காய்ச்சல் விட்டதும் ஓடலாமா? இரண்டு பந்தயங்களுக்குத் தயாராகும் வாசகிக்கு ஒரு பதில்

ஸ்டாக்ஹோமில் வசிக்கும் வாசகி ஒருவர் ஆகஸ்ட் கடைசியில் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. சொந்த ஊர் திருச்சி. கணவர், மகளோடு ஸ்வீடனில் குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. மகளைப் பக்கத்துக் கிளப்பில் ஓரியன்டியரிங் விளையாட்டில் சேர்க்கப் போனவர், தானும் சேர்ந்துவிட்டார். கையில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் கண்ட்ரோல்களை வரிசை மாறாமல் தேடிப்பிடித்து ஓடுகிற விளையாட்டு அது. இந்த இலையுதிர்காலத்தில் அவருக்கு இரண்டு இலக்குகள். ஒன்று, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் லீடிங்யோலோப்பெத், 30 கிலோமீட்டர். மற்றொன்று, அக்டோபரில் வரும் 25மன்னா ரிலே. அதில் ஒரு அணிக்கு 25 பேர் ஓட வேண்டும். கிளப் இவர் பெயரையும் எழுதிவிட்டது.

ஜூலையில் ஓ-ரிங்கென் என்ற ஓரியன்டியரிங் போட்டியின்போது ஈரப் பாறையில் வழுக்கி வலது கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்துவிட்டாலும் மேடு பள்ளத்தில் கால் இன்னும் 'மடங்கப் பார்க்கிறது'. கணுக்கால் பட்டை போட்டால் தசை பலவீனமாகிவிடும் என்று யாரோ சொன்னதால் அதைப் போடவில்லை. ஆகஸ்ட் நடுவில் மூன்று நாள் காய்ச்சலும் தொண்டை வலியும் உடம்பு வலியும் இருந்தன. வாரம் 60 கிலோமீட்டர் என்ற அட்டவணையிலிருந்து பின்தங்கிவிட்டோமே என்று, காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாளே 18 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். அந்த ஓட்டத்தில் மேடு ஏறும்போது சில வினாடிகள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வழக்கமாக 56ல் இருக்கும் காலை நாடித்துடிப்பு இப்போது 66, 68 என்று காட்டுகிறது. இதைத் தவிர எப்போதும் ஒரு களைப்பு. சைவம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒருவேளை உணவு விரதம் இருக்கும் வழக்கம் உண்டு. முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் கணவர்.

'இரண்டையும் ஓட முடியுமா? முடியாது என்றால் அணியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?' என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கணுக்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சுப் படபடப்பைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஈசிஜி எடுக்கும்வரை ஓட வேண்டாம்

மெதுவோட்டமும் வேண்டாம். நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம், அவ்வளவுதான். நாளைக் காலையே உங்கள் வோர்ட்சென்ட்ராலுக்கு, அதாவது பகுதி சுகாதார மையத்துக்குப் போன் செய்யுங்கள். அங்கே லைன் கிடைக்கவில்லை என்றால் மருத்துவ ஆலோசனை எண்ணான 1177க்குப் பேசுங்கள். 'களைப்பாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு வாரம் கழித்து நேரம் கொடுப்பார்கள். 'காய்ச்சல் வந்து போன பிறகு ஓடும்போது நெஞ்சு படபடத்தது, காலை நாடித்துடிப்பும் கூடியிருக்கிறது' என்று முழுதாகச் சொல்லுங்கள். ஈசிஜி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள், தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். இதற்கிடையில் நெஞ்சு வலியோ, மயக்கமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதோ வந்தால் காத்திருக்காமல் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் இதற்கு எளிய காரணம்தான் இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு உடம்பில் நீர் குறைந்திருக்கலாம், இரும்புச்சத்து குறைந்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். ஆனால் விலக்கிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. தொண்டையிலும் மூக்கிலும் தொடங்கும் வைரஸ் தொற்று சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் அழற்சி கூடும். அழற்சி கண்ட தசையிலிருந்து ஆபத்தான தாறுமாறான துடிப்பும் கிளம்பலாம். நல்ல உடற்தகுதி இதிலிருந்து யாரையும் காப்பதில்லை. உடம்பை வருத்தி ஓடப் பழகியவர்கள் அறிகுறியைத் தாண்டி ஓடிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

நீங்கள் சேர்ந்திருக்கும் விளையாட்டுக்கு இதில் வேதனையான ஒரு வரலாறு உண்டு. உங்கள் கிளப்பின் மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1979க்கும் 1992க்கும் இடையில் ஸ்வீடனில் 16 இளம் ஓரியன்டியரிங் ஓட்டக்காரர்கள் திடீரென இதயம் நின்று இறந்தார்கள். அவர்களில் பலருடைய இதயத் தசையில் அழற்சி இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது. குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவின் மீதும் பின்னாளில் சந்தேகம் எழுந்தது. அதுதான் ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. 1992 இறுதியில் அந்த நாட்டு ஓரியன்டியரிங் சங்கம் உயர்நிலைப் போட்டிகளையும் கடும் பயிற்சியையும் சுமார் ஆறு மாதம் நிறுத்தியே வைத்தது. தொற்று இருக்கும்போது ஓடக் கூடாது என்று கிளப் கிளப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த மரண வரிசை நின்றது. எனவே உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஒதுங்கினால் அந்த ஊர்க் கிளப்பில் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. அந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றவர்கள் அவர்கள்.

பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக வந்தால், ஒரு வாரம் 20 முதல் 30 நிமிடம் வரை, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள். காலை நாடித்துடிப்பு பழைய 56க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகே மேட்டையும் வேகத்தையும் தொடுங்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் பேச்சுக்கே இடமில்லை. பொதுவாக 3 முதல் 6 மாதம் கடும் பயிற்சி கிடையாது. இதய மருத்துவர் மறுபடி பார்த்துச் சம்மதித்த பிறகுதான் ஷூவைத் தொட வேண்டும்.

இனி வரும் மாதங்களில் மகளின் பள்ளியிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் சளி வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தும்மலுக்கும் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மூக்கு மட்டும் ஒழுகுகிறது, மற்றபடி உடம்பு தெளிவாக இருக்கிறது என்றால் மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளியோடு இருமல், விழுங்க முடியாத தொண்டை வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டம் இல்லை. காய்ச்சல் விட்டதா என்பதை அல்வெடான் (பாராசிட்டமால் மாத்திரை) போடாத நிலையில் பாருங்கள். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், தொற்றை அல்ல. உங்கள் கடிதத்தில் மூன்றாம் நாள் 'மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், ஐந்து நாள் என்று நீங்கள் போட்ட கணக்கு உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அப்புறம் அந்த 'ஈடுகட்டுவது'. தவறவிட்ட மாத்திரையை மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். தவறவிட்ட ஓட்டமும் அப்படித்தான். பத்து நாள் ஓடாமல் இருந்தால் பல மாதமாகச் சேர்த்த திறன் கரைந்துவிடாது. கொஞ்சம் மந்தமாக இருக்கும், சில நாள் ஓடியதும் திரும்பி வரும். போன ஓட்டம் போனதுதான். அட்டவணையில் இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள், அதுவும் ஒரு படி குறைத்து.

காட்டுக் கிலோமீட்டரும் சாலைக் கிலோமீட்டரும்

வாரம் 60 கிலோமீட்டர் என்ற உங்கள் அட்டவணை சமதளச் சாலையில் மாரத்தான் ஓடுகிறவர்களுக்கானது. அதை அப்படியே காட்டுக்குள் கொண்டுபோனதில்தான் உங்கள் களைப்பில் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓரியன்டியரிங் பாதையின் தூரத்தைக் கண்ட்ரோலிலிருந்து கண்ட்ரோலுக்கு நேர்கோட்டில்தான் அளக்கிறார்கள். சதுப்பையும் பாறைச் சுவரையும் சுற்றிக்கொண்டு, ஒன்றிரண்டு தடவை வழி தவறி நீங்கள் வெளியே வரும்போது, 6 கிலோமீட்டர் என்று எழுதியிருந்த பாதை 7, 8 ஆகியிருக்கும். அந்த ஒவ்வொரு கிலோமீட்டரும் பாசி படர்ந்த பாறை, முழங்கால் உயரப் புளூபெர்ரிச் செடி, கால் புதையும் சதுப்பு நிலம். சாலையில் ஆறு நிமிடத்தில் முடிகிற தூரம் அங்கே பத்தோ பன்னிரண்டோ எடுக்கும். இதயம் அவ்வளவு நேரமும் சாலையைவிடக் கூடுதலாக அடித்துக்கொண்டிருக்கும். கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டரை வைத்து 'இன்று குறைவாகத்தான் ஓடினேன்' என்று ஞாயிற்றுக்கிழமை சாலையில் மேலும் 10 கூட்டிக்கொள்கிறீர்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் எண்ணுங்கள். உடம்பு தேறிய பிறகு வாரத்துக்கு மொத்தம் நாலு, நாலரை மணி நேரம் உங்களுக்குப் போதும். அதில் செவ்வாய்க்கிழமை கிளப்பின் காட்டுப் பயிற்சியைக் கடினமான நாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மெதுவாகப் போனதாக நினைத்தாலும் உடம்புக்கு அது கடினமான நாள்தான். வியாழக்கிழமை இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இருக்கட்டும். வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம், கரடுமுரடில்லாத காட்டுப்பாதையில். மீதி நாட்களில் மெதுவாக ஓடுங்கள் அல்லது ஓடவே வேண்டாம். நான் சந்திக்கும் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு மெதுவான நாள் போதிய மெதுவாக இருப்பதில்லை, அதனாலேயே கடினமான நாளில் உண்மையான கடினத்துக்குத் தெம்பு இருப்பதில்லை.

அந்த மெதுவான ஓட்டங்களில் கையில் ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டே மடித்து, கட்டைவிரலை நாம் இருக்கும் இடத்தில் வைத்து, அடுத்து வரப்போகும் பாறையையும் ஓடையையும் முன்கூட்டியே படித்துப் பழகுங்கள். வழி தவறிப் பத்து நிமிடம் இழப்பது உங்கள் அனுபவத்தில் இருப்பவர்களுக்குச் சகஜம். கால் வேகத்தைக் கூட்டி அந்தப் பத்து நிமிடத்தை மீட்க முடியாது, வரைபடத்தைக் கவனித்தால் மீட்கலாம். இதற்கு ஒரு துளி கூடுதல் உடற்சுமையும் கிடையாது என்பதால், நீங்கள் இப்போது இருக்கும் நிலைமைக்கு இதைவிட லாபமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நடைக்குப் போகும்போதே தொடங்கலாம்.

லீடிங்யோலோப்பெத் வேறு மாதிரி. 1965லிருந்து நடக்கும் அந்த ஓட்டம் மண்பாதையிலும் காட்டுப்பாதையிலும் ஏறி இறங்கிக்கொண்டே போகும். அபோர்பாக்கென் என்ற பேர்போன மேடு கடைசிக் கட்டத்தில், கால் ஓய்ந்த பிறகுதான் வருகிறது. எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். தொடையைக் கிழிப்பது இறக்கம். முதல் 10 கிலோமீட்டர் இறக்கங்களில் தடதடவென்று ஓடியவர்கள் 25ஆவது கிலோமீட்டரில் அதற்கு வட்டி கட்டுவார்கள். என்றைக்கு அந்தப் பந்தயத்தை ஓடினாலும், அதற்கு முந்தைய மாதங்களில் வாரம் ஒருமுறை மென்மையான சரிவில் இறங்கி ஓடிப் பழகுங்கள்.

கணுக்கால்

பட்டை போட்டால் கணுக்கால் பலவீனமாகும் என்பது சரியல்ல. ஒருமுறை பிசகிய கணுக்காலுக்குப் பட்டையோ டேப்போ போட்டு ஓடினால் மறுபடி பிசகுவது குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அடுத்த ஒரு வருடத்துக்குக் காட்டுக்குள் போகும்போதெல்லாம் போடுங்கள். காட்டு ஓட்டக்காரர்கள் பலர் டேப் இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கே வருவதில்லை.

ஆனால் பட்டை சிகிச்சை அல்ல. கால் 'மடங்கப் பார்க்கிறது' என்றால், பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு உணர்வு இன்னும் மந்தமாக இருக்கிறது. தசைநார் ஆறினாலும் அது தானாகத் திரும்பாது, பழக்க வேண்டும். பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள், அப்புறம் தலையணை மேல் நில்லுங்கள். தினமும் ஐந்து பத்து நிமிடமாக ஆறு முதல் எட்டு வாரம். கூடவே மாடிப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தல். வலது கால், இடது காலுக்குச் சமமாக 20, 25 முறை செய்தால், ஒற்றைக் காலில் பத்துமுறை பக்கவாட்டில் வலியோ தயக்கமோ இல்லாமல் குதித்தால், காட்டுக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் தேதி என்னவாக இருந்தாலும் பாதையிலேயே ஓடுங்கள்.

கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது இன்னமும் வலித்தால் எக்ஸ்ரே கேளுங்கள். ஷூவைப் பொறுத்தவரை, ஈரப் பாறைக்கு உலோக முனை பதித்த ஓரியன்டியரிங் ஷூதான் வேண்டும். சாலை ஷூவோடு அக்டோபர் மாதப் பாறையில் கால் வைக்காதீர்கள்.

களைப்பு, இரும்பு, புரட்டாசி

ஹீமோகுளோபின் 121 என்று வந்ததால் இரும்பு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஊர்க் கணக்கில் அது 12.1. பெண்களுக்கான அளவுக்குள் இருந்தாலும் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உடம்பு முதலில் சேமிப்பைத்தான் செலவழிக்கும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். சைவ உணவு, அதிக ரத்தப்போக்கு, நீண்ட ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு அது 30க்குக் கீழே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு விஷயம்: காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்கள் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். எனவே இப்போது எடுத்த முடிவு நன்றாக இருந்தாலும் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் உடனே குடிக்கும் காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பருப்பு, கீரையோடு எலுமிச்சையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கு அதிகம் என்பதை ஒரு பெண்ணின் 'இயல்பு' என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது. ஓட்டை அடைக்காமல் இரும்பை ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

விரதம் பற்றி நீங்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். விரதத்தை விடச் சொல்லப் போவதில்லை. ஆனால் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எப்போதும் புரட்டாசியில்தான் வரும். மூன்று மூன்றரை மணி நேரம் எடுக்கும் ஒரு ஓட்டத்தை வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. காலையில் இட்லியோ ஓட்ஸோ சாப்பிட்டு, வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்தால்தான் அந்தக் கடைசி மேட்டில் தலை சுற்றாது. மற்ற சனிக்கிழமைகளில் விரதம் இருங்கள். நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். உடம்பு முடியாதவர்களுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் விரதத்தில் விலக்கு கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. அம்மாவிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

ஸ்டாக்ஹோம் 59 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரை அங்கே விழும் வெயிலில் தோல் விட்டமின் டி தயாரிக்காது. நம்முடைய நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். ரத்தம் எடுக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிறவர்களின் எலும்புக்கு இது முக்கியம்.

உண்ணி

ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். உண்ணி கடித்தது என்பதற்காக மட்டும் ஸ்வீடனில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. பெரும்பாலான கடிகளால் எந்த நோயும் வருவதில்லை. கவனிக்க வேண்டியது, கடித்த இடத்தைச் சுற்றி சில நாளிலோ வாரங்களிலோ மெல்லப் பரவும் வட்டம். அது 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் பொரெலியா என்ற, உண்ணி பரப்பும் பாக்டீரியா தொற்று என்று எடுத்துக்கொண்டு பென்சிலின் கொடுப்பார்கள், குணமாகிவிடும். ஆனால் படங்களில் காட்டும் ரோஜாச் சிவப்பு நம் தோலில் சரியாகத் தெரியாது. கருத்தோ கன்றிப் போன மாதிரியோ தெரியலாம். முழங்காலுக்குப் பின்னால் என்பதால் ஒரு மாதத்துக்கு வாரம் இருமுறை கணவரை நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நோய், டிபிஇ என்கிற மூளைக்காய்ச்சல். ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டம் அதற்குப் பேர்போன பகுதி. அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். மே மாதம் ஒரு ஊசி போட்டு இரண்டாவதை மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஊசியை நம்பியிருக்க முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. இரண்டாவதை இப்போதே போடுங்கள், மூன்றாவதை அடுத்த பருவத்துக்கு முன். குளிர் தொடங்கினால் உண்ணி போய்விடும் என்று நினைக்க வேண்டாம், 5 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அது நடமாடும். நவம்பரிலும் கடி வாங்குகிறவர்கள் உண்டு. காட்டிலிருந்து வந்ததும் மகளுக்கும் உங்களுக்கும் உடம்பு முழுக்கப் பாருங்கள். கண்டால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ மஞ்சளோ தடவிக் காத்திருக்காதீர்கள். பொரெலியா பரவப் பொதுவாக ஒரு நாளாவது உண்ணி ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்றன்றைக்கு எடுப்பதே பெரிய பாதுகாப்பு.

எதை ஓடுவது, எதை விடுவது

இரண்டில் நான் விடச் சொல்வது 30 கிலோமீட்டரை. இதயப் பரிசோதனை நாளைக்கே சரியாக வந்தாலும், ஒழுங்கான பயிற்சிக்கு உங்களுக்கு மூன்று வாரம்கூட மிஞ்சாது. அதற்குள் மூன்றரை மணி நேர மேடு பள்ளத்துக்குத் தயாராக முடியாது. அதே வார இறுதியில் 15 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும் இருக்கின்றன. பதிவை மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். முடியாது என்றாலும் போன பணம் போகட்டும். செலுத்திய கட்டணத்துக்காக ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மருத்துவமனையில்.

25மன்னாவை இன்னும் கைவிட வேண்டாம். அதற்கு ஆறேழு வாரம் இருக்கிறது. 25 பேர் ஓடும் ரிலேயில் எல்லாச் சுற்றும் ஒரே நீளம் அல்ல. குட்டிச் சுற்றுகளும் இருக்கின்றன, சிறுவர்களும் மூத்தவர்களும் சேர்ந்துதான் ஓடுகிறார்கள். கணுக்கால் நான் சொன்ன இரண்டு சோதனைகளையும் தாண்டினால், நாடித்துடிப்பு இறங்கியிருந்தால், ஒரு குட்டிச் சுற்று உங்களுக்குச் சரியாக இருக்கும்.

கிளப்பில் அணியைப் போடுகிறவரிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் சொன்னால்தான் அணிக்குச் சிரமம். ஆறு வாரம் முன்னால் சொன்னால் அது ஒரு பெயரை இடம் மாற்றுவது, அவ்வளவுதான். 'காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வந்ததும் சொல்கிறேன். சரியாக இருந்தால் குட்டிச் சுற்று ஓடுகிறேன், அதுவரை என் பெயரை மாற்று ஆட்கள் பட்டியலில் வையுங்கள்.' இவ்வளவு போதும், மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.

நவம்பரில் கிளப்பின் இரவுப் பயிற்சிகள் தொடங்கும் என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தலைவிளக்கோடு காட்டில் ஓடுவதை முதல் வருடம் தனியாகச் செய்யாதீர்கள், ஜோடியாகப் போங்கள். உங்கள் பகுதியில் அக்டோபர் இரண்டாம் திங்களிலிருந்து எல்க் மான் வேட்டைக் காலமும் தொடங்கிவிடுகிறது. பகலில் தனியாகப் போனாலும் எந்தக் காட்டில் வேட்டை என்று கிளப்பில் கேட்டுவிட்டு, பளிச்சென்ற ஆரஞ்சு மேலுடுப்போடு போங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கணவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காருக்குள் பூட்டாமல் போனைக் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.